கணவருக்கு ஸ்டுட்கார்ட்டில் வேலை: கூடவே கிளம்புவதா, மார்ச் வரை சென்னையிலேயே இருப்பதா?

கொளத்தூர்_மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். தை மாதம் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. கணவர் ஒரகடம் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் எம்பெடட் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறார். இப்போது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் ஒரு கம்பெனியிலிருந்து ஆஃபர் வந்திருக்கிறது, ப்ளூ கார்டுக்கு (படித்த வேலையாட்களுக்கு ஐரோப்பாவில் தருகிற வேலை, குடியிருப்பு அனுமதி) தேவையான சம்பளம், அக்டோபர் 1 அன்று சேர வேண்டும். நான் சோழிங்கநல்லூரில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். சேர்ந்தது மார்ச் நடுவில், வருகிற மார்ச்சில் ஐந்து வருடம் முடிகிறது, கிராஜுவிட்டி (வேலையை விடும்போது கம்பெனி தருகிற பணிக்கொடை) கிடைக்கும். இப்போதே போனால் அது போச்சு. நோட்டீஸ் பீரியட் வேறு மூன்று மாதம். இன்றைக்கே பேப்பர் போட்டாலும் அக்டோபர் கடைசியில்தான் விடுவார்கள்.

மாமியார் சொல்வது: அவன் முதலில் போய் வீடு பார்த்து, பாத்திரம் பண்டம் வாங்கி வைக்கட்டும், நீ பொங்கல் எல்லாம் முடிந்து நிதானமாகப் போ. என் அம்மா சொல்வது: ஆடிக்கு ஒரு மாதம் பிரித்து வைத்ததே போதும், கல்யாணமான முதல் வருடமே ஆளுக்கொரு தேசத்தில் இருந்தால் என்ன குடித்தனம் அது. (இப்போது ஆடிக்குத் தாம்பரத்தில் அம்மா வீட்டில் இருந்துதான் இதை எழுதுகிறேன், அதனால் இந்தப் பக்கத்து வாதம் கொஞ்சம் சத்தமாகக் கேட்கிறது.)

எனக்குத் தெரிய வேண்டியது, முதல் சில மாதங்கள் அங்கே நிஜமாக எப்படி இருக்கும்? யூடியூபில் எல்லோரும் பனியில் நின்று சிரிக்கிறார்கள், அது உதவாது. நான் அங்கே போய் வேலை பார்க்க முடியுமா, இல்லை வீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டுமா? ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாது.

நெக்கர்_கரை

அம்பத்தூர் பொண்ணு, ஸ்டுட்கார்ட் பக்கத்தில் சில வருடமாக இருக்கிறேன். என் ஓட்டு கூடவே வருவதற்குத்தான். ஏன் என்று கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதலில் வேலை விஷயம். ப்ளூ கார்டுகாரரின் மனைவிக்கு விசாவுக்கு ஜெர்மன் சான்றிதழ் தேவையில்லை, வந்த பிறகு எந்த வேலையிலும் சேரலாம், தனி அனுமதி வேண்டாம். சட்டப்படி தடை இல்லை என்பது வேறு, வேலை கிடைப்பது வேறு, அதை வேறு யாராவது சொல்வார்கள்.

முதல் இரண்டு மூன்று மாதம் முழுக்கக் காகிதமும் வீடும்தான். குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரியை நகர அலுவலகத்தில் பதிய வேண்டும், அன்மெல்டுங் என்பார்கள். அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் வேண்டும். தற்காலிகமாகத் தங்குகிற இடத்தில் சிலர் அந்தத் தாளைத் தரமாட்டார்கள், புக் செய்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். அது இல்லாவிட்டால் வரி எண் வராது, மற்ற வேலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்.

வீடு தேடுவது உண்மையிலேயே கொடுமை. ஒரு வீட்டுக்கு நிறையப் பேர் விண்ணப்பிப்பார்கள், உரிமையாளர் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்பார், புதிதாக வந்தவரிடம் அது எப்படி இருக்கும்? வேலை ஒப்பந்தத்தைக் காட்டிப் பேச வேண்டும். அட்வான்ஸ் சட்டப்படி அடிப்படை வாடகையில் அதிகபட்சம் மூன்று மாதம், அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். பத்து மாத அட்வான்ஸ் பார்த்த நமக்கு இது பெரிதில்லை. ஆனால் நிறைய வீடுகளில் சமையலறை என்று ஒரு காலி அறைதான் இருக்கும். சிங்க், அடுப்பு, அலமாரி எல்லாவற்றையும் முன்பு இருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார், அல்லது உங்களிடம் ஒரு விலை சொல்லி விட்டுப்போவார். விளம்பரத்தில் சமையலறை உண்டா என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

இதையெல்லாம் அவர் தனியாகச் செய்யலாம், செய்துவிடுவார். ஆனால் தனியாகப் பார்க்கிற ஆண் ஆபீசுக்குப் பக்கத்தில் பார்ப்பார். ரயில் நிலையம், கடை, மொழி வகுப்பு நடக்கிற இடம், இதெல்லாம் பகலில் அந்த ஊரில் நடக்கப்போகிற உங்களுக்குத்தான் தெரிய வேண்டும்.

இந்த ஊருக்கே உரிய ஒன்று: ஸ்டுட்கார்ட் பக்கம் மாடிப்படி கூட்டித் துடைப்பது குடியிருப்பவர்களின் முறை வேலை. உங்கள் வாரம் வந்தால் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும். செய்யாவிட்டால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், எதிர்வீட்டுப் பாட்டி ஒரு பார்வை பார்ப்பார், அது போதும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, சனிக்கிழமையே பால், காய் வாங்கி வைக்க வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் மிக்சி போடக் கூடாது.

அப்புறம் லெட்டர் பாக்ஸ். இதை யாரும் சொல்வதில்லை. இங்கே முகவரியில் பிளாட் நம்பர் பெரும்பாலும் இருக்காது, தபால்காரர் பெட்டியில் இருக்கிற பெயரைப் பார்த்துத்தான் போடுவார். நம் பாஸ்போர்ட்டில் கணவருக்குக் குடும்பப் பெயர் அவர் அப்பா பெயர், மனைவிக்கு அவள் அப்பா பெயர். பெட்டியில் கணவர் பக்கத்துப் பெயர் மட்டும் இருந்தால் உங்களுக்கு வருகிற கடிதம் திரும்பிப் போய்விடும். வரி எண், வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை எல்லாம் தபாலில்தான் வரும். இரண்டு அப்பா பெயரையும் ஒட்டுங்கள், அழைப்பு மணியிலும்.

ஓஎம்ஆர்_டிராஃபிக்

ஹெச்ஆர் பக்கம் வேலை பார்ப்பவன், கிராஜுவிட்டி பற்றி மட்டும். ஐந்து முழு வருடம் வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். 1972 கிராஜுவிட்டிச் சட்டத்தின் 2A பிரிவில் ஒரு வருடத் தொடர் சேவை என்பதற்கு 240 நாள் வேலை என்று கணக்கு இருந்தது, வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்குகிற இடமென்றால் 190 நாள்; 2025 நவம்பரில் அதன் இடத்தில் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே கணக்குதான். ஐந்தாவது வருடத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தும் என்று நம் சென்னை உயர் நீதிமன்றமே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு வாரம் ஐந்து நாள்தானே? மார்ச் நடுவிலிருந்து எண்ணினால் டிசம்பர் நடுவில் 190 நாள் தாண்டிவிடும். எல்லாக் கம்பெனியும் தானாக ஒத்துக்கொள்ளாது, மெயிலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஆனால் தொகையையும் பாருங்கள். கிராஜுவிட்டிக்குக் கணக்கில் எடுக்கிற மாதச் சம்பளம் 30,000 என்றால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி ஐந்து வருடத்துக்குச் சுமார் 86,500 ரூபாய். நல்ல பணம்தான். அதற்காக ஆறு மாதம் பிரிந்திருப்பதா என்று கேட்டால், அது ஹெச்ஆர் கேள்வி இல்லை.

வேளச்சேரி_படகு

மாமியார் சொன்னது வந்துவிட்டது, அம்மா சொன்னது வந்துவிட்டது. வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லையே?

திரும்பி_வந்தவன்

நான் கொஞ்சம் எதிராகப் பேசப்போகிறேன், நெக்கர் அக்கா கோபிக்க வேண்டாம்.

நாங்களும் ஜெர்மனியில் இருந்துவிட்டுப் போன வருடம் போரூருக்குத் திரும்பினோம். திரும்பியதற்குக் காரணம் அப்பாவின் உடல்நிலை, ஊர் மேல் கோபமில்லை. ஆனால் என் மனைவி அங்கே பட்டது எனக்குத் தெரியும். காலை எட்டுக்கு நான் கிளம்பினால் மாலை ஆறு வரை அவளுக்கு யாரும் இல்லை. இங்கே தினமும் ஷேர் ஆட்டோவில் சண்டை போட்டு, கேன்டீனில் பத்துப் பேரோடு சாப்பிட்டுப் பழகியவளுக்கு ஒரு நாள் முழுக்க யாரோடும் ஒரு வாக்கியம் பேசாமல் போனது. முதல் மாதம் அதை ஓய்வு என்று சொன்னாள், அடுத்த மாதம் அப்படிச் சொல்லவில்லை. வெளியே போய் ஆட்களோடு பழகு என்று சொல்வது சுலபம். மருந்துக்கடையில் இருமல் மருந்து கேட்கவே பயந்தால் யாரோடு பழகுவது?

அக்டோபரில் போகாதீர்கள் என்பது என் கட்சி. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், டிசம்பரில் காலை எட்டுக்கு மேல்தான் வெளிச்சம், மாலை நாலரைக்கு இருட்டு. வேலைக்குப் போகிறவர் தாங்கிக்கொள்வார். மொழி தெரியாமல், வேலை இல்லாமல், புது வீட்டில் தனியாக இருப்பவருக்கு அது வேறு மாதிரி. மார்ச் கடைசியில் போனால் ஒவ்வொரு நாளும் வெளிச்சம் நீளும், ஆட்கள் வெளியே வருவார்கள்.

அதுவரை சென்னையில் சும்மா இருக்க வேண்டாம். நுங்கம்பாக்கத்தில் கோத்தே இன்ஸ்டிட்யூட், பழைய ஆட்கள் மேக்ஸ் முல்லர் பவன் என்பார்கள், அங்கே சேருங்கள், வார இறுதி வகுப்போ ஆன்லைனோ. மொழித் தேர்ச்சி நிலைகள் ஏ1, ஏ2, பி1 என்று போகும்; ஏ1 தாண்டி ஏ2-வில் பாதி போனாலே மருந்துக்கடை, டாக்டர் ரிசப்ஷன், மாடிப்படிப் பாட்டி எல்லோரையும் சமாளிக்கலாம். டெஸ்டிங் வேலைக்கு அங்கே, அதுவும் கார் கம்பெனிகள் பக்கம், ஜெர்மன் கேட்கிற விளம்பரங்கள்தான் நிறைய. ஆங்கிலம் மட்டும் போதும் என்கிற இடங்கள் உண்டு, போட்டியும் அங்கேதான். பி1 வரை போனால்தான் கதவு கொஞ்சம் திறக்கும். போன பிறகு அரசு ஆதரவில் நடக்கிற ஒருங்கிணைப்பு வகுப்பு இருக்கிறது, மொழிக்கு மட்டும் பொதுவாக 600 பாட வேளை. சும்மா போய் அதில் முதல் பாடத்திலிருந்து உட்காருவதற்கும், நடுவில் சேருவதற்கும் நிறைய வித்தியாசம்.

வீடு தயாராக இருக்கிறதா என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் தயாரா என்பதை வைத்துச் செய்யுங்கள்.

நெக்கர்_கரை

கோபமெல்லாம் இல்லை தம்பி. குளிர்காலம் பற்றிச் சொன்னது சரி, அதை நான் லேசாகத் தாண்டிவிட்டேன். ஆனால் பணக் கணக்கில் ஒன்று விட்டுப்போகிறது. மனைவி இந்தியாவில் இருக்கும்வரை கணவருக்குத் தனி ஆளாகத்தான் வரி பிடிப்பார்கள், வரி வகுப்பு 1. மனைவி இங்கே வந்து பதிந்த பிறகு, ஒருவருக்கு மட்டும் சம்பளம் என்றால் அவருக்கு வகுப்பு 3, மற்றவருக்கு 5 என்று மாற்றக் கேட்கலாம், மாதம் கையில் வருவது நன்றாகவே கூடும். இன்னொன்று, டிசம்பர் 31-க்குள் நீங்கள் இங்கே குடியேறிவிட்டால் அந்த வருடத்துக்கே இருவரும் சேர்ந்து வரிக்கணக்குத் தாக்கல் செய்யலாம். உங்கள் சென்னைச் சம்பளத்தையும் பார்த்துத்தான் வரி விகிதம் போடுவார்கள், அதனால் லாபம் எவ்வளவு என்று ஒரு வரி ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவக் காப்பீட்டில் கணவர் அரசு முறையிலேயே சேரட்டும். சம்பாதிக்காத மனைவி அதில் கூடுதல் கட்டணம் இல்லாமல் சேர்ந்துகொள்ளலாம். தனியார் காப்பீடு மலிவு என்று ஏஜென்ட் யாராவது பேசுவார். அதில் உங்களுக்குத் தனிப் பிரீமியம், நாளைக்குக் குழந்தைக்கும் தனி.

மேற்கு_மாம்பலம்_பெரியவர்

அம்மா, என் மகனும் மருமகளும் அங்கே இருக்கிறார்கள், அதனால் ஊர்ப் பக்கத்து விஷயம் சொல்கிறேன். இளையவர்கள் எல்லோரும் விசாவைப் பார்ப்பார்கள், இங்கே விட்டுப்போவதைப் பார்க்கமாட்டார்கள்.

முதலாவது, கல்யாணத்தைப் பதிவு செய்தாயிற்றா? மண்டபத்து ரசீதும் ஆல்பமும் விசாவுக்கு உதவாது. 2009 சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணமும் பதிய வேண்டும். சான்றிதழில் இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், இனிஷியல் விரிவு உட்பட. எங்கள் மருமகளுக்கு ஒரு எழுத்து கூடுதலாகப் போய், திருத்தம் வாங்க அலைந்தோம்.

இரண்டாவது, போன் நம்பர். வங்கி, ஆதார், பிஎஃப், வருமான வரி, எதைத் தொட்டாலும் ஓடிபி வரும். அந்த சிம்மை ரத்து செய்யாமல், ரோமிங்கில் எஸ்எம்எஸ் வருகிறதா என்று கிளம்புவதற்கு முன்பே பார்த்து வைக்கவும். வெளிநாட்டில் குடியேறிய பிறகு இங்கே இருக்கிற சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் வாழ்பவர் இங்கே வைத்திருக்கிற ரூபாய்க் கணக்கு) மாற்ற வேண்டும் என்பது விதி. நிறையப் பேர் செய்வதில்லை. செய்துவிடுவது நல்லது.

மூன்றாவது, நான்கு பெற்றோருக்கும் பாஸ்போர்ட் இருக்கிறதா? நீங்கள் இங்கே இருக்கும்போதே விண்ணப்பித்துக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். பிறகு பிரசவமோ அவசரமோ வந்தால் அப்போது பிறப்புச் சான்றுக்கு ஓட முடியாது.

எப்போது போவது என்பதில் நான் உன் அம்மா கட்சி. மகன் முதலில் தனியாகத்தான் போனான், மருமகள் எட்டு மாதம் கழித்துப் போனாள். தினமும் வீடியோ காலில் பேசினார்கள். அங்கே குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம், கோடையில் மூன்றரை. அவன் ஆபீஸ் முடிந்து வரும்போது இவளுக்குத் தூக்கம். இரண்டு பேரும் அரைத் தூக்கத்தில் கணக்கு வழக்கு பேசுவதைப் பார்த்து எங்களுக்கே பாவமாக இருந்தது. மாமியார் சொல்வதும் தவறில்லை, அவர் பயம் உன்னை நினைத்துத்தான். மகனை மட்டும் முதலில் அனுப்பினால் வீடு பாதி காலி, நீயும் போனால் முழுக்கக் காலி. அதையும் நினைத்துக்கொள்.

கொளத்தூர்_மருமகள்

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பதில் எதிர்பார்க்கவில்லை. பெரியவர் கடைசியாகச் சொன்னதை அம்மாவிடம் படித்துக்காட்டினேன், அம்மா ஒன்றும் சொல்லாமல் மாமியாருக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பேசினார். என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை.

வேளச்சேரி படகு அவர்களே, வீட்டுக்காரர் "உன் இஷ்டம்" என்கிறார். அதுதான் பிரச்சினையே. மூன்று நாள் துளைத்த பிறகு, தனியாகப் போக அவருக்குப் பயமாக இருக்கிறது, அதைச் சொன்னால் என் வேலையைக் கெடுத்தது போலாகும் என்று சும்மா இருந்திருக்கிறார் என்று தெரிந்தது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இங்கே பதிவே போட்டிருக்கமாட்டேன்.

ஹெச்ஆரில் முதலில் ஐந்து முழு வருடம்தான் என்று அடித்துச் சொன்னார்கள். 190 நாள் கணக்கைக் குறிப்பிட்டு மெயில் போட்டதும் சட்டப் பிரிவில் கேட்டுச் சொல்கிறோம் என்று தொனி மாறியது. அவர்கள் ஒத்துக்கொண்டால் செப்டம்பர் நடுவில் பேப்பர் போட்டு டிசம்பர் நடுவில் விடுபட்டு, வருடம் முடிவதற்குள் அங்கே போய்விடலாம் என்று இப்போதைக்கு யோசனை. ஒத்துக்கொள்ளாவிட்டால் 86,000-க்காக மார்ச் வரை இருக்கப்போவதில்லை, அப்போதும் டிசம்பர்தான். விசாவுக்கு இருவரும் ஒன்றாகவே விண்ணப்பிக்கப் பார்க்கிறோம், எனக்கு டிசம்பரிலிருந்து செல்லுபடியாகும்படி கிடைக்குமா என்று கேட்க வேண்டும். நுங்கம்பாக்கம் வகுப்பு ஆகஸ்டில் ஆரம்பிக்கிறதா என்று நாளை விசாரிக்கிறேன். குளிர்காலத்தில்தான் போய் இறங்குவேன், திரும்பி வந்தவன் அண்ணா மன்னிக்கவும், ஏ1 முடித்துவிட்டுத்தான் இறங்குவேன். மார்கழிக் கச்சேரி போய்விடுமே என்று அப்பாவுக்குத்தான் வருத்தம்.

இன்னும் இரண்டு சின்னக் கேள்வி. பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்டு போனால் அங்கே எளிதா? மாமனார் அப்படித்தான் சொல்கிறார். அப்புறம் மிக்சி, குக்கர் கொண்டுவரலாமா, அம்மா இப்போதே பெட்டியில் நெய் டப்பா வைக்க ஆரம்பித்துவிட்டார்.

நெக்கர்_கரை

பாஸ்போர்ட்டைத் தொடவே தொடாதீர்கள். இப்போது மாற்றப் போனால் புது பாஸ்போர்ட், அதற்கேற்ற கல்யாணச் சான்றிதழ், டிகிரி, அனுபவச் சான்றிதழ் எல்லாவற்றிலும் பழைய பெயர் என்று ஒவ்வொரு மேஜையிலும் விளக்க வேண்டியிருக்கும். கணவன் மனைவிக்கு ஒரே குடும்பப் பெயர் இருந்தாக வேண்டும் என்று இங்கே சட்டம் இல்லை. கேட்பார்கள், கல்யாணச் சான்றிதழைக் காட்டினால் முடிந்தது. மாமனாரிடம் அவர் பெயரும் லெட்டர் பாக்ஸில் இருக்கும் என்று சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

மிக்சி தாராளமாகக் கொண்டுவாருங்கள், இங்கேயும் நம் ஊர் மாதிரி 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மட்டும் வேறு, மூன்று பின்னுக்கு ஏற்ற அடாப்டர் ரிச்சி தெருவிலேயே வாங்கிவிடுங்கள், மிக்சியின் வாட் அளவைத் தாங்குவதாகப் பார்த்து. குக்கர் அடிப்பாகம் இண்டக்ஷனுக்கு ஏற்ற ஸ்டீலாக இருக்கட்டும், அலுமினியம் வேண்டாம், எந்த அடுப்பு அமையும் என்று இப்போது தெரியாது. டிசம்பரில் மாவு புளிக்காது, ஓவன் அடுப்புக்குள் விளக்கை மட்டும் போட்டு இரவு முழுக்க வைத்தால் பொங்கும்.

நெய் டப்பாவை எடுத்துவிடச் சொல்லுங்கள். பால் சம்பந்தப்பட்டதும் இறைச்சியும் ஐரோப்பாவுக்குள் கொண்டுவரக் கூடாது, பால்கோவா உட்பட. பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் கூடாது. தேங்காய்க்குத் தடை இல்லை, ஆனால் அதைச் சுமப்பானேன், இங்கே ஈழத் தமிழர் கடைகளில் தேங்காய், கறிவேப்பிலை, முருங்கைக்காய், இடியப்ப மாவு எல்லாம் கிடைக்கும். பருப்புப்பொடி, சாம்பார்பொடி, வத்தல் நிறைய எடுத்து வாருங்கள். எண்ணெய் ஊறுகாயைக் கைப்பையில் விடமாட்டார்கள், இரண்டு மூன்று கவரில் சுற்றி டேப் ஒட்டிப் பெரிய பெட்டியில் போடுங்கள், துணிக்கு நடுவில் வேண்டாம்.